மாலை நான்கு மணிக்குப் பிறகு: எல்லையோரத் தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கேரளத்தில் மது வாங்க 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாளையாற்றைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 21. கள்ளின் கதை இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலோ தோப்புக்குத் தோப்பு கள் இறங்குகிறது, அதற்காகவே கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் எல்லை தாண்டி வருகிறார்கள். அட்டப்பாடியில் மதுவுக்குத் தடை. ஆனைகட்டிக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம். இடுக்கியில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று வழியிலும் ஏலத்தோட்ட ஜீப்புகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. ஒரு சட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இந்த ஊர்களில், எது எந்தப் பக்கம் கிடைக்கும் என்பது பிள்ளைகளுக்கு மீசை முளைக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

சோதனைச் சாவடியில் காரின் கதவுக்குள் கஞ்சா பிடிபட்டது என்று செய்தி வந்தால், பெற்றோருக்கு ஓர் ஆறுதல்: வந்தது பிடிபட்டுவிட்டது. இந்த ஆறுதலை நம்ப முடியாது. சாவடியில் தேடுவது வண்டிச் சுமையை. பள்ளிப் பைக்குள் வருவது உள்ளங்கைக்குள் அடங்குவது. எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் 10 கிராமைத் தாண்டினாலே சட்டம் அதை வணிக அளவு என்று கணக்கிட்டு, குறைந்தது பத்தாண்டு சிறை என்கிறது. பத்து கிராம் என்பது இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதை எந்தச் சாவடி தேடும்? பிள்ளையிடம் ஏற்படும் மாற்றத்தை முதலில் காண்பது வீடுதான். கண்ட பிறகும், 'நிச்சயமாகத் தெரியட்டும், அப்புறம் கேட்போம்' என்று வீடு காத்திருக்கும் மாதங்களில்தான் பெரிய சேதம் நடக்கிறது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போனால் திரும்ப மாலையாகிவிடும். ஏலக்காய் வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே ஜீப் ஏறுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அப்பா கோவையில் கம்பெனி வேலை முடித்து வர இரவு எட்டு. பள்ளி நான்கு மணிக்கு முடிகிறது. நான்குக்கும் ஏழுக்கும் இடையே பிள்ளை எங்கே, யாரோடு இருந்தான் என்பதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இருப்பதில்லை. இதைப் பெற்றோரின் குற்றமாகச் சொல்லவில்லை. கூலி வேலையின் அமைப்பே அப்படி. ஆனால் முதல் பீடி, முதல் 'கூல் லிப்' புகையிலை, முதல் பியர் எல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கின்றன. கொடுப்பவர் முகம் தெரியாத கடத்தல்காரர் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வயது மூத்த நண்பன், பக்கத்து லயத்து அண்ணன், உறவுக்காரப் பையன். முதல் தடவை காசும் கேட்பதில்லை.

தொடங்கும் வயது மிக முக்கியம். பதின்பருவத்தில் மூளை வேலை முடியாத கட்டடம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பதெல்லாம் பழகிய பேச்சு. அதில் உண்மையான செய்தி, ஆசையைக் கட்டுப்படுத்தி விளைவை யோசிக்கும் முன்மூளைப் பகுதி முழுமை பெற ஏறத்தாழ 25 வயது ஆகிறது என்பதுதான். அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வாழ்வில் எப்போதாவது குடிக்கு அடிமையானதாகவும், 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது சுமார் 10 விழுக்காடு என்றும் கண்டது. ஏற்கெனவே சிக்கலில் இருக்கும் பிள்ளைகள்தான் சீக்கிரம் தொடங்குகிறார்கள் என்பதும் அந்த வேறுபாட்டுக்குள் இருக்கலாம். எப்படியானாலும், 'திருவிழா அன்றைக்கு ஒரு வாய் கள் குடித்தால் என்ன' என்று பெரியவர்களே ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விடுவதற்கு இந்தக் கணக்கு போதும்.

அறிகுறிகளுக்கு வருவோம். மதுவுக்கு வாடை உண்டு. அதனால் அது சீக்கிரம் தெரிந்துவிடும். கஞ்சாவில் கண் சிவக்கும். அதை மறைக்கச் சொட்டு மருந்து பையில் இருக்கும், அறையில் திடீரென ஊதுபத்தி மணக்கும், வேளைகெட்ட வேளையில் அகோரப் பசி எடுக்கும். 'இடுக்கி கஞ்சா மூலிகைதானே' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இடுக்கிக் காடுகளில் சாகுபடி நடந்த காலம் போய், இப்போது பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லையிலிருந்து வருகிறது. எங்கே விளைந்தாலும் வளரும் மூளையில் நினைவாற்றலையும் முனைப்பையும் அது கெடுக்கிறது. சிலருக்கு மனச்சிதைவைத் தூண்டிவிடுகிறது.

கூல் லிப், ஹான்ஸ் வகைப் புகையிலையில் வாடையோ புகையோ பெரிதாக இல்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் பள்ளிகளில் அது இவ்வளவு பரவியது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைப் பற்றிக் கடுமையாகக் கேள்வி எழுப்பும் அளவுக்குப் போனது. பிள்ளை திடீரெனக் காரம் சாப்பிட முடியவில்லை என்றால் கீழ் உதட்டை மடித்துப் பாருங்கள். வெளிறிய தடிப்போ புண்ணோ இருக்கலாம்.

எம்.டி.எம்.ஏ. போன்ற ஊக்கிகளில் படம் வேறு. இரவு முழுக்கத் தூக்கமில்லை, பசியில்லை, கண்ணின் கருமணி விரிந்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பான். அடுத்த ஓரிரு நாள் அடித்துப்போட்டதுபோல் தூக்கம், காரணமற்ற சோகம். வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டு நகரங்களில் இளைஞர்களைக் கொன்றிருக்கிறது. அதில் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கும், உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும், வெயிலிலும் முழுக்கைச் சட்டை வேண்டும் என்பான். கடைசியாக, யாரும் போதையென்று நினைக்காதவை: வைட்னர், பஞ்சர் ஒட்டும் பசை, பெயின்ட் தின்னர். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், இப்படி முகரும் பொருள்களின் பயன்பாடு மட்டும் பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாக இருந்தது: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். முதல் முறை முகரும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். கைக்குட்டையில் பெயின்ட் வாடை வந்தால் அலட்சியம் வேண்டாம்.

இவற்றில் ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் அது போதைக்குச் சான்றாகாது. பரீட்சைப் பயம், காதல் முறிவு, வீட்டுச் சண்டை, மனச்சோர்வு, இரவு முழுக்க மொபைல் என எதுவும் பிள்ளையை இப்படி மாற்றலாம். பார்க்க வேண்டியது கூட்டாகவும் திடீரெனவும் வரும் மாற்றத்தை. பழைய நண்பர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை, கால்பந்து விளையாடப் போவது நின்றுவிட்டது, மதிப்பெண் சரிகிறது, அஞ்சறைப் பெட்டியில் வைத்த பணம் குறைகிறது. ஒரு மாதத்துக்குள் இத்தனையும் நடந்தால் கேட்டே ஆக வேண்டும். காரணம் போதை இல்லாமல் மனச்சோர்வாக இருந்தாலும், கேட்டது வீண் போகாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பல வீடுகள் தோற்கின்றன. பையைக் கொட்டி, அடித்து, 'குடும்ப மானத்தை வாங்கிட்டியேடா' என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினால், அன்றோடு பிள்ளை வீட்டில் பேசுவதை நிறுத்திவிடுவான். அவன் பேச்சைக் கேட்க வெளியே ஆள் இருக்கிறது. போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மறுநாள், தெளிந்த நேரத்தில், ஒருவர் மட்டும் உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "கண்ணு, நாலு நாளா நீ சாப்பிடறதே இல்ல. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கும் முழிச்சிருந்த. எனக்குப் பயமா இருக்குது. என்னன்னு சொல்லு, அடிக்க மாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடித்தால் அடுத்த வாய்ப்பு கிடையாது. முதல் தடவை அவன் மறுப்பான். பரவாயில்லை. மூன்றாம் நாள் மறுபடி பேசுங்கள்.

அப்பாவே குடிப்பவராக இருந்தால் என்ன செய்வது? தோட்டங்களிலும் தோப்புகளிலும் இது அரிதான நிலை அல்ல. அப்படியானாலும் இரண்டு காரியம் முடியும். பிள்ளையை அனுப்பிப் பாட்டிலோ பீடியோ வாங்கச் சொல்லக் கூடாது. பிள்ளைக்கு முன்னால் குடியைப் பெருமை பேசக் கூடாது. "நான் மாட்டிக்கிட்டேன், நீ மாட்டிக்காதே" என்று ஓர் அப்பா நேராகச் சொன்னால் அதற்கு எந்தப் போதனையையும்விட வலு அதிகம்.

அடுத்தது போலீஸ் பயம். 'ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸாகிவிடும், பிள்ளையின் எதிர்காலம் போய்விடும்' என்று வீட்டிலேயே மறைப்பவர்கள் ஏராளம். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது: போதைக்கு அடிமையானவர், சொந்தப் பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கியிருந்தாலும், தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சைக்குப் போவது பிள்ளையைக் காப்பாற்றும் வழி. இன்னொரு பக்கம், 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77-ம் பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிறுவரை வைத்துக் கடத்தினாலும் விற்றாலும் 78-ம் பிரிவின்படி அதே தண்டனை. 'இந்தப் பையைக் கம்பத்தில் ஒரு அண்ணனிடம் கொடுத்துவிடு' என்று யார் சொன்னாலும் வாங்கக் கூடாது என்பதை எல்லையோரப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி, ஊர் சொல்லிக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கேரள கலால் துறை 2016-ல் தொடங்கிய 'விமுக்தி' இயக்கம் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் மீட்பு மையங்களை நடத்துகிறது. அதன் இலவச எண் 14405. நாடு முழுவதற்குமான போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழ்நாட்டுப் பக்கம் போவது எளிதென்றால், இடுக்கி எல்லையிலிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், பாலக்காட்டு எல்லையிலிருந்து கோவை அரசு மருத்துவமனைக்கும் போகலாம். தொடக்க நிலையில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தங்கிச் சிகிச்சை தேவைப்படாது. ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும் போதும். தனியார் 'மறுவாழ்வு இல்லம்' என்ற பலகையைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழுள்ளவரைச் சேர்த்தால் பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையோ கூடவே தங்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கவும் கூடாது. 'விட்டுவிட்டுப் போங்கள், மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்' என்று சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பிள்ளை மயங்கிக் கிடந்தால், மூச்சு மெதுவானால், உதடு நீலமானால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சை, உப்புத்தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மருத்துவரிடம் என்ன உட்கொண்டான் என்பதை மறைக்காதீர்கள். 2020 அக்டோபரில் வாளையாறு அருகே செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் நச்சுச் சாராயம் ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மாதிரி நேரத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஒரு குடும்பம் தனியாக இந்த நான்கு மணி–ஏழு மணி இடைவெளியை அடைக்க முடியாது. ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 விழுக்காடு. அங்கே வெறும் பிரசாரத்தை நம்பவில்லை. மாலையில் விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு நகராட்சி பணம் கொடுத்தது. பள்ளிவாரியாகப் பெற்றோர் கூடி, எந்தப் பிள்ளையும் இரவில் இத்தனை மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்தார்கள். நம் பக்கத்துக்கு இது எட்டாத யோசனை அல்ல. அட்டப்பாடியின் பழங்குடிப் பெண்கள் தாய்க்குல சங்கமாகத் திரண்டு 2016-ல் ஆனைகட்டி டாஸ்மாக் கடையை எதிர்த்துப் போராடியவர்கள். லயத்துக்கு ஒன்றாக, தெருவுக்கு ஒன்றாக, முறைவைத்து மாலையில் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியோ அத்தையோ, ஒரு கால்பந்தும் வெளிச்சமுள்ள ஒரு திடலும், பஞ்சாயத்திடம் கேட்டு வாங்கக் கூடியவைதான். குடும்பசிரீ அயல்கூட்டத்தில் இதை ஒரு வாரம் பேசினாலே தொடக்கமாகிவிடும்.

பள்ளியிலும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. விழிப்புணர்வு வகுப்பும் பெற்றோர் கூட்டமும் மலையாளத்தில் மட்டும் நடந்தால், தமிழ் மட்டும் தெரிந்த அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதிகளில் அரசோடு தம் மொழியிலேயே எழுதித் தொடர்புகொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. ஆகவே விமுக்தி அலுவலகத்துக்கும் கலால் துறைக்கும் தமிழிலேயே மனு எழுதலாம்: எங்கள் பள்ளியில் வகுப்பைத் தமிழில் நடத்துங்கள், துண்டறிக்கையைத் தமிழில் அச்சிடுங்கள், ஆலோசகர்களில் ஒருவராவது தமிழ் பேசுபவராக இருக்கட்டும். பெற்றோர் சங்கம் கையெழுத்திட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.