வலி தணிக்கும் மருந்தும் சட்டக் கட்டுப்பாடும்

உடலில் நேர்ந்த பழுதை அறிவிக்கும் எச்சரிக்கையே வலியாகும். அறிவித்த பின்னரும் அது ஓயாது மாதக்கணக்கில் நீடிக்குமாயின், வலியே ஒரு நோயாகிவிடுகிறது. முற்றிய புற்றுநோய் உடையவர்களுள் பெரும்பாலோர் இத்தகைய வலிக்கு ஆளாகின்றனர். உறக்கமும் உணவும் கெட்டு, நோயாளியுடன் குடும்பமும் தளர்கிறது. கடும் வலியைத் தணிக்க வல்ல, விலை குறைந்த மருந்து ஒன்று உண்டு. அதுவே மார்பின்.

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினியாகிறது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது மார்பின். இம்மருந்து மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள சில ஏற்பிகளுடன் இணைந்து, வலிச் செய்தி மேலேறுவதைத் தடுக்கிறது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க உரிமம் பெற்ற உழவர்கள் அபினி பயிரிடுகின்றனர். காஜிப்பூரிலும் நீமச்சிலும் மத்திய அரசாங்க ஆலைகள் உள்ளன. இந்திய அபினி வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகி வந்துள்ளது. எனினும், விளையும் நாட்டிலேயே நோயாளிக்கு மருந்து எட்டாத நிலை நெடுங்காலம் நிலவியது. அதன் காரணத்தை அறிதல் வேண்டும்.

சட்டமும் அதன் விளைவும்

போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் ஆகியவை பற்றிய சட்டம் 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கள்ளக் கடத்தலை ஒடுக்குவதே அதன் முதன்மையான நோக்கம். மருத்துவப் பயனுக்கு அச்சட்டம் தடை விதிக்கவில்லை. ஆயினும், பல குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. மார்பினை வைத்திருக்க விரும்பிய மருத்துவமனை, பல மாநிலங்களில், வெவ்வேறு துறைகளிடமிருந்து நான்கு அல்லது ஐந்து உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. அவை அனைத்தும் ஒரே வேளையில் நடப்பில் இருத்தலும் வேண்டும். ஓர் உரிமம் வந்து சேரும் முன்னர் மற்றொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் சிறு பிழை நேரினும் சிறை செல்ல நேருமோ என்று அஞ்சி, மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினைக் கைவிட்டன. 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டின் மார்பின் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவிகிதம் குறைந்தது. 1997இல் நாடு முழுவதற்கும் பயன்பட்டது 18 கிலோகிராம் அளவே.

மருந்தைக் கையாளாத மருத்துவர்கள் தம் மாணவர்க்கும் அதனைக் கற்பிக்கவில்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்பின் மாத்திரையை எழுதிக் கொடுத்துப் பழகாமலே பட்டம் பெற்றனர். பின்னர் விதி தளர்ந்தும் வழக்கம் உடனே திரும்பாமைக்கு இதுவே காரணம்.

டில்லியில் நிகழ்ந்தவை

மருந்தியல் அறிஞர் ரவீந்திர கூயியின் தாயார் மார்பகப் புற்றுநோயால் துன்புற்றபோது, அவருக்குத் தேவையான மார்பின் கிடைக்கவில்லை. அவர் டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1998ஆம் ஆண்டில் நீதிமன்றம், மார்பின் வேண்டி வரும் கோரிக்கைகளை விரைந்து கவனிக்குமாறு பணித்தது. அவ்வாண்டிலேயே மத்திய அரசாங்கம் எளிய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் போன்ற சில மாநிலங்களே அவற்றால் நல்ல பயன் அடைந்தன.

தலைநகரில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் புற்றுநோய் மருத்துவமனையில் வலித் தணிப்புச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. 1996இல் தொடங்கிய கேன்சப்போர்ட் என்னும் அமைப்பு நோயாளிகளின் இல்லங்களுக்கே சென்று தொண்டாற்றுகிறது. ஆயினும், தொலைதூர மாவட்டத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் ஊர் திரும்பிய பின், கையிலுள்ள மாத்திரை தீர்ந்தால் என் செய்வார்? அருகில் அம்மருந்து இல்லையெனின், நோயுற்ற உடலுடன் மீண்டும் இரயிலேற வேண்டும். அன்றேல் வலியைப் பொறுத்துக் கிடக்க வேண்டும்.

2014ஆம் ஆண்டுத் திருத்தம்

2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மருத்துவப் பயனுக்கு மருந்து கிடைக்கச் செய்தலும் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று. மார்பின், பென்டனில், மெதடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என 2015இல் அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்கு மாறாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே மருத்துவ நிலையத்துக்கு அங்கீகாரம் அளிக்கலாம். பயிற்சி பெற்ற மருத்துவர் பொறுப்பேற்று, இருப்புக்கும் செலவுக்கும் கணக்கு வைத்தல் கடமையாகும்.

அச்சமும் உண்மையும்

மார்பின் உட்கொள்வோர் யாவரும் போதைக்கு அடிமையாவர் என்பது தவறான எண்ணம். நெடுநாள் உட்கொண்டவரின் உடல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் உடல் தொல்லை தரும். இது உடற்பழக்கமே. தீங்கு விளைவதை அறிந்தும் இன்பத்திற்காக மருந்தை நாடி அலைவதே அடிமைத்தனம். எனினும் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவில் 1990க்குப் பின் இவ்வகை மருந்துகள் வரைமுறையின்றி வழங்கப்பட்டதால் உயிரிழப்புகள் பெருகின. பின்னர் கடுமையாகக் குறைக்கத் தலைப்பட்டபோது, நெடுநாள் வலியுடையோர் பலர் திடீரென மருந்திழந்து இடருற்றனர். மிகுதியும் தீங்கு, மறுத்தலும் தீங்கு என்பதே இதன் படிப்பினை. முதுகுவலி, மூட்டுவலி போன்ற நீடித்த வலிகளுக்கு வேறு மருந்துகளும் உடற்பயிற்சியுமே முதலில் நாடத்தக்கவை.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

நோயாளியின் வலியை, இன்மைக்குச் சுழியும் மிகுதிக்குப் பத்துமாக அளவிட்டுக் குறிக்கலாம். அருகிலுள்ள அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் எது என்பதை அறிந்து கூறலாம். சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணிக்கொருமுறை, வலி தோன்றும் வரை காத்திராது, மருத்துவர் குறித்த அளவில் கொடுக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தார்க்கு விளக்கலாம். மலச்சிக்கல் பெரும்பாலும் நேருமாதலால் அதற்கான மருந்தும் உடன் தேவை. மிகுந்த மயக்கமோ மூச்சுத் தளர்ச்சியோ காணப்படின் உடனே மருத்துவரை நாட வேண்டும். மாத்திரைகளைப் பூட்டி வைத்தலும், எஞ்சியவற்றை மருத்துவ நிலையத்தில் ஒப்படைத்தலும் இன்றியமையாதன. ஆசிரியர்கள், போதைப் பொருளின் தீமையைக் கற்பிக்கும்போதே, மருத்துவர் கையில் அதே பொருள் மருந்தாவதையும் எடுத்துரைத்தல் நலம். சட்டத்தின் வழி இன்று திறந்துள்ளது. அவ்வழியே மருந்து நோயாளியின் படுக்கை வரை சென்று சேர்வது, அறிந்தவர் அறியாதவர்க்கு உரைப்பதைப் பொறுத்தது.