கடைசி 512 பைட்டு

சென்ற வாரம் ஃபிளாஷ் மெமரியைப் பார்த்தோம். மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. ஆனால் புதிதாக எழுத வேண்டுமானால் பழையதை அழித்தே ஆக வேண்டும். இங்கேதான் சிக்கல். மைக்ரோகன்ட்ரோலரை ஓட்டும் புரோகிராமே அந்த ஃபிளாஷில்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டால் புதியதை எழுதுவது யார்? உட்கார்ந்த கிளையை வெட்டுகிற வேலை.

ஆர்டுயினோ ஊனோவுக்கு ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்தால், அதிகபட்சம் 32,256 பைட்டு என்று திரையின் அடியில் ஒரு வரி வரும். அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்பின் ஃபிளாஷோ 32,768 பைட்டு. விடுபட்ட 512 பைட்டில்தான் அந்த எழுதும் வேலையைச் செய்கிற, ஆப்டிபூட் என்ற பூட்லோடர் இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்த இந்தப் பத்திகூட அந்த இடத்துக்குள் அடங்காது!

அப்லோட் பட்டனை அழுத்தியதும் போர்டில் டிடிஆர் என்ற இணைப்பின் மின்னழுத்தம் தாழ்கிறது. அதற்கும் சிப்பின் ரீசெட் பின்னுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அதன் வழியே ஒரு சின்னத் துடிப்பு மட்டும் போய் சிப்பை ரீசெட் செய்கிறது. இந்த வசதி வராத பழைய ஆர்டுயினோ போர்டுகளில் நேரம் பார்த்து விரலால் ரீசெட்டை அழுத்த வேண்டும்.

ரீசெட் ஆன சிப் நம் புரோகிராமுக்குப் போகாமல் நேரே பூட்லோடருக்கு வருகிறது. ஃபியூஸ் என்ற, சிப்பின் அமைப்பு பிட்டுகளில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பூட்லோடர் ஏறக்குறைய ஒரு நொடி காத்திருக்கும். அதற்குள் கணினி கூப்பிட்டு, இதுவும் பதில் சொல்லிவிட்டால், 128 பைட்டு கொண்ட பக்கங்களாக வாங்கி எழுதத் தொடங்கும். பதில் வராவிட்டால் மாணவர்கள் அலுத்துக்கொள்ளும் 'நாட் இன் சிங்க்' பிழைச்செய்தி வரும். பல நேரம் தவறான போர்ட்டைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எழுதும்போது பாதியில் கரண்ட் போனால்? பழைய புரோகிராம் போயிற்று, புதியது அரைகுறை. ஆனாலும் பூட்லோடர் தன் இடத்தில் கை வைப்பதில்லை என்பதால், மறுபடி அப்லோட் செய்தால் சரியாகிவிடும். மேசைமேல் இருக்கும் போர்டுக்கு இது போதும். கம்பத்தின் உச்சியில் மாட்டிய கருவிக்கு?

ஈஎஸ்பி32 சிப்பில் இதற்கு இரண்டு இடங்களை ஒதுக்கலாம். ஒன்றில் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வைஃபை வழியே வரும் புதியதை மற்றதில் எழுதி, முழுதாக வந்ததா என்று சரிபார்த்த பிறகே அடுத்து எதை ஓட்டுவது என்ற குறிப்பை மாற்றுவார்கள். மெமரி இரட்டிப்பாகச் செலவாகிறதே என்று தோன்றும். ஏணி போட்டு ஏறுகிற கூலியோடு பார்த்தால் அது மலிவு.

ரோல்பேக் என்ற வசதியையும் இயக்கி வைத்தால், புதிய புரோகிராம் 'நான் சரியாக ஓடுகிறேன்' என்று தானே பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ரீசெட் ஆனால் பூட்லோடர் பழையதற்கே திரும்பிவிடும். அந்தப் பதிவை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் வரியிலேயே போட்டால் பயனில்லை. வைஃபையில் சேர்ந்து, சர்வரை எட்டி, அடுத்த அப்டேட்டை வாங்க முடியும் என்று தெரிந்த பிறகே போட வேண்டும்.

(தொடரும்)