விளையாட்டுப் பெட்டி: அசலும் நகலும்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே செல்வோர் தடா, சூலூர்ப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் நாயுடுபேட்டையை அடைவர். திருப்பதிக்குச் செல்லும் சாலை மேற்கே பிரிவது இங்கேதான். முன்னர் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னை அயலூர் அன்று. கல்யாணப் புடைவையும் பாடப் புத்தகமும் மூக்குக் கண்ணாடியும் அங்கிருந்தே வரும். 1996ஆம் ஆண்டுக் கோடையில் நம் வீட்டுக்கு அங்கிருந்து வந்தது ஒரு டி.வி. கேம்.

இப்போது புனேயில் வேலை பார்க்கும் நம் அண்ணன் மகன், சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது அதைப் பரணிலிருந்து இறக்கினான். பழைய விளையாட்டுப் பெட்டிகளைச் சேகரிப்போர் இக்காலத்தில் பலர் உளர். அவர்கள் நல்ல விலையும் கொடுக்கின்றனர். “அசல் நிண்டெண்டோ, அரிய பொருள்” என்று விளம்பரம் எழுதி வைத்துவிட்டு, “சித்தப்பா, இது ஒரிஜினல்தானே?” என்று நம்மைக் கேட்டான். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால் அவ்விடைக்குப் பின்னே, நம் நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விளையாடிய கதை முழுவதும் இருக்கிறது.

நிண்டெண்டோ என்பது ஜப்பானின் கியோட்டோ நகரத்துக் கம்பெனி. 1889இல் சீட்டுக்கட்டு செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இக்கம்பெனி ‘ஃபாமிகாம்’ என்ற பெட்டியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. அதை வடிவமைத்த பொறியாளர் மசாயுகி உவேமுரா 2021இல் காலமானார். பெட்டியின் உள்ளே முக்கியமான சில்லுகள் இரண்டு: ஒன்று கணக்கிடும், மற்றொன்று திரையில் படம் வரையும். விளையாட்டு, தனியே செருகும் கேசட்டில் இருக்கும். கேசட் என்று நம் பிள்ளைகள் சொன்னார்களேயன்றி, அதில் ஒலி நாடா ஏதுமில்லை. அழியாத நினைவகச் சில்லு ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், அவ்வளவே.

இப்பெட்டி 1985இல் வேறு உருவத்துடன் அமெரிக்காவுக்குச் சென்றபோது கம்பெனியார் ஒரு பூட்டு வைத்தனர். பெட்டியில் ஒரு சிறு சில்லு, கேசட்டில் அதன் இணை. இரண்டும் ஒன்றோடொன்று பேசி ஒத்துக்கொண்டாலன்றி விளையாட்டு தொடங்காது. உரிமம் இன்றிக் கேசட் செய்வோரைத் தடுப்பதே நோக்கம். ஜப்பானியக் கேசட்டுக்கு 60 பின்கள். அமெரிக்கக் கேசட்டுக்கு 72. ஜப்பானியப் பெட்டியில் இந்தப் பூட்டு இல்லை. தைவான் முதலிய இடங்களில் இப்பெட்டியின் சில்லுகளைப் போன்றே இயங்கும் சில்லுகளைச் செய்தவர்கள், பூட்டில்லாத 60 பின் வகையையே பெரும்பாலும் பின்பற்றியதில் வியப்பில்லை. உலகின் பாதியை நிரப்பிய நகல் பெட்டிகள் இவ்வாறு பிறந்தன.

இந்தியாவில் அசலுக்கு என்ன நேர்ந்தது என்று நேயர்கள் வினவக்கூடும். எலக்ட்ரானிக் பொருள்களை முழு உருவில் இறக்குமதி செய்வது அக்காலத்தில் எளிதன்று. ஆகவே நிண்டெண்டோவின் உரிமத்தோடு, பாகங்களைத் தருவித்து இங்கேயே பூட்டி, ‘சாமுராய்’ என்னும் பெயரில் விற்றனர். மற்றொரு ஜப்பானியக் கம்பெனியான சேகா, தன் ‘மெகா டிரைவ்’ பெட்டிக்காக 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் ஷா வாலஸ் நிறுவனத்துடன் விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டது. மதுபானத் தொழிலில் பெயர் பெற்ற நிறுவனம் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விநியோகஸ்தராக வந்தது விந்தைதான். 80 சதவீத இறக்குமதி வரியிலிருந்து தப்ப ஒரு வழி தேடியே சேகா இந்த உடன்பாட்டுக்கு வந்தது. அவ்வாறு தேடியும் பெட்டியின் விலை 18,000 ரூபாய்!

இத்தொகையின் கனம் இன்று விளங்காது. மத்திய அரசில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்த ஒருவருக்கு அப்போது நடப்பிலிருந்த நான்காம் ஊதியக் குழுவின் விகிதப்படி அடிப்படைச் சம்பளம் 950 ரூபாயில் தொடங்கியது. அதாவது ஏறத்தாழ 19 மாத அடிப்படைச் சம்பளத்துக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி. அகவிலைப்படியைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் எந்தக் குமாஸ்தாவும் தன் மகனுக்கு அதை வாங்கித் தந்திருக்க இயலாது.

நகலோ, கையருகே இருந்தது. மீடியா என்னும் இந்தியக் கம்பெனி ‘லிட்டில் மாஸ்டர்’, ‘விஸ் கிட்’ என்ற பெயர்களில் விற்ற பெட்டிகள் ஃபாமிகாமின் வழிவந்த நகல்கள் என்றே இன்று சேகரிப்போர் வகைப்படுத்துகின்றனர். ‘டெர்மினேட்டர்’ என்ற பெயருடைய வெளிநாட்டு நகல் மற்றொன்று. தில்லியில் பாலிகா பஜார், பம்பாயில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் என, எந்த ஊருக்குப் பிழைக்கப் போன தமிழரும் இவற்றுள் ஒரு கடைத்தெருவையாவது அறிவர். பர்மா பஜாரைப் பற்றி ஒரு வார்த்தை. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டபின், உடைமைகளை இழந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று 1969இல் சென்னைக் கடற்கரைச் சாலையோரம் அமைந்த கடைகள் அவை. வெளிநாட்டுப் பொருள் வேண்டுமென்றால் அங்கே போ என்பது எங்கும் வழக்கமாயிற்று. அங்கே எல்லாம் நகல் என்று சொல்வது தவறு. எல்லாம் அசல் என்று நம்பியதும் தவறே.

நகலை வாங்கியோர் அனைவரும் நகல் என்று அறிந்து வாங்கினர் என எண்ணுதல் கூடாது. பளபளக்கும் அட்டைப் பெட்டி, பெயர், வண்ணப் படம் ஆகிய யாவும் அதற்கு இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க அசலைக் கண்டவர் எவர்? நாயுடுபேட்டையில் ஒருவரும் இல்லை. அசல் தன் வாசலுக்கு வராத ஊரில், நகல் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இதில் இன்னொரு செய்தி பலரும் அறியாதது. நம் பிள்ளைகள் ‘டாங்க்’ என்று அழைத்த விளையாட்டு நினைவிருக்கலாம். செங்கற்சுவர்களுக்கு நடுவே பீரங்கி வண்டியை ஓட்டி, கீழே உள்ள கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஆடலாம். அதன் உண்மைப் பெயர் ‘பாட்டில் சிட்டி’. 1985இல் நாம்கோ கம்பெனி வெளியிட்டது. அக்கேசட் ஜப்பானில் மட்டுமே விற்கப்பட்டது. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ நிண்டெண்டோ பெட்டிக்கு அது முறைப்படி சென்றதில்லை. ‘சர்க்கஸ் சார்லி’யும் அவ்வாறே. ஆகவே நாயுடுபேட்டைச் சிறுவன் விரல் தேய விளையாடிய ‘டாங்க்’ விளையாட்டை, அக்காலத்து அமெரிக்கச் சிறுவன் பெரும்பாலும் அறியான்! நகலின் வழியாக வந்த இந்த வினோதச் செல்வத்தை நாம் மறைக்க விரும்பவில்லை.

செல்வத்தோடு ஏமாற்றும் வந்தது. மஞ்சள் நிறக் கேசட்டின் மேல் ‘99,99,999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை ஒரு சிலவே. பட்டியலில் கீழே இறங்க இறங்க, அதே விளையாட்டு வேறு பெயருடன் வரும். ஆனால் மூன்றாம் கட்டத்திலிருந்தோ ஐந்தாம் கட்டத்திலிருந்தோ தொடங்கும். பட்டியலைக் காட்டும் சிறு நிரல், எந்த விளையாட்டு, எந்தக் கட்டம் என்ற எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கும், வேறொன்றும் செய்யாது. முதல் திரையில் இருக்க வேண்டிய கம்பெனியின் பெயரையும் ஆண்டையும் பல கேசட்டுகளில் அழித்திருப்பார்கள். அவ்விளையாட்டை ஆக்கியவர் யார் என்பதை லட்சக்கணக்கான பிள்ளைகள் அறியாமலே வளர்ந்தனர். நம் மொழிபெயர்ப்புத் தொழிலில் மூல ஆசிரியர் பெயரை விட்டுவிட்டால் எத்தகைய குற்றமோ, இதுவும் அத்தகையதே என்பது நம் கருத்து.

வாங்கியவருக்கும் நட்டம் உண்டு. நம் வீட்டுப் பெட்டிக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்தோம். நான்கு மாதத்தில் அடாப்டர் சூடாகிப் பெட்டி நின்றுபோயிற்று. அட்டையில் கம்பெனியின் முகவரி இல்லை. வாங்கிய கடைக்கு எடுத்துச் சென்றபோது, அத்தகைய பொருளைத் தாம் விற்றதே இல்லை என்றனர். ஊரில் ரேடியோ பழுது பார்ப்பவர் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தார். பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவு போர்டு. அதன் நடுவில் உருகிய மெழுகுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. “தம்பி, இதில் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை; எல்லாம் அந்தப் பொட்டுக்குள் இருக்கிறது” என்று கூறி, கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். பல சில்லுகளின் வேலையை ஒரே சில்லில் அடக்கி, அதையும் உறையின்றிப் போர்டில் ஒட்டிப் பிசின் பூசிவிடுவது 1990களின் நகல்களில் பரவிய முறை. விலை குறையும், பழுது பார்க்க வழியிராது. அதிகாரபூர்வ விநியோகஸ்தர் என்பவர் பொருளை விற்பவர் மட்டும் அல்லர். பொருள் பழுதானால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்விக்கு விடையாக நிற்பவரும் அவரே. நம் வீட்டார் மிச்சப்படுத்தியது அந்தக் கதவின் விலையைத்தான்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ரஷ்யாவில் ஸ்டீப்லர் என்ற கம்பெனி தைவானில் செய்த நகலை ‘டெண்டி’ என்ற பெயரில் 1992 இறுதியில் விற்கத் தொடங்கியது. அது பெருகிய வேகத்தைக் கண்டு 1994இல் நிண்டெண்டோவே அக்கம்பெனியுடன் உடன்பாடு செய்து, தன் அடுத்த பெட்டியை விற்கும் உரிமையை அளித்தது. கொரியாவில் ஹூண்டாய், சாம்சங் ஆகிய உள்நாட்டுப் பெயர்களின் கீழ் அசல் பெட்டிகள் விற்கப்பட்டன. பிரேசிலின் கதை இன்னும் சுவையானது. அங்கே கிராடியன்டே என்ற கம்பெனி ‘பான்டம் சிஸ்டம்’ என்ற நகலை விற்றது. அதே கம்பெனி, எஸ்ட்ரெலா என்ற பொம்மைக் கம்பெனியுடன் சேர்ந்து, 1993இல் நிண்டெண்டோவின் அதிகாரபூர்வ விநியோகஸ்தராயிற்று! சேகாவின் பிரேசில் விநியோகஸ்தரான டெக்டாய் வேறு வழியில் சென்றது. ஜப்பானிய விளையாட்டு ஒன்றில் வீரனை எடுத்துவிட்டு, பிரேசில் பிள்ளைகள் அறிந்த படக்கதைச் சிறுமி மோனிகாவை வைத்து 1991இல் வெளியிட்டது. உள்ளூர் மொழியும் உள்ளூர் நாயகியும் வாய்த்தபோது அசலும் அங்கே வேர் பிடித்தது. நம் நாட்டில் அதற்கு ஒப்பானது வர 2009 ஆயிற்று: ஐதராபாத்தில் ஆக்கிய ‘ஹனுமான்’ விளையாட்டை சோனி கம்பெனி தன் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு வெளியிட்டது. உரிமம் பெற்றுப் பூட்டும் தொழிலும் இப்போது நம் பாதையோரத்துக்கே வந்துவிட்டது. தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2015இல் ஃபாக்ஸ்கான் கம்பெனி கைப்பேசிகளைப் பூட்டத் தொடங்கியது.

இனி, சட்டத்தைக் காண்போம். பொருளின் அமைப்புக்குரிய காப்புரிமை 20 ஆண்டுக்கு மேல் நில்லாது. ஆகவே 1983ஆம் ஆண்டுப் பெட்டியின் அமைப்பைப் பின்பற்றி இன்று ஒருவர் பெட்டி செய்தால், பிறர் பெயரையும் சின்னத்தையும் இடாதவரை, அது குற்றமாவது அரிது. கேசட்டுக்குள் இருக்கும் விளையாட்டு அத்தகையதன்று. கணினி நிரல் 1984ஆம் ஆண்டுத் திருத்தம் முதலே நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அவ்வுரிமை பல பத்தாண்டுகள் நீடிக்கும். 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, திருட்டு நகல் என்று அறிந்தே நிரலைக் கணினியில் பயன்படுத்துவதும் குற்றமாகும். பழையது என்பதனால் பொதுச் சொத்து ஆகிவிட்டது என்று கடைக்காரர் கூறினால், பெட்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம், கேசட்டுக்குப் பொருந்தாது.

அண்ணன் மகனுடன் அமர்ந்து பரணிலிருந்து வந்த பெட்டியை மீண்டும் கழற்றினோம். பின்களை எண்ணினோம், அறுபது. கறுப்புப் பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நிண்டெண்டோ என்ற பெயர் வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. விளம்பரத்தில் ‘அசல் நிண்டெண்டோ’ என்பதை அடித்து, ‘1990களின் நகல், பழுதுற்றது’ என்று எழுதச் சொன்னோம். “விலை பாதிகூட வராதே, சித்தப்பா” என்று வருந்தினான், ஆயினும் எழுதினான். மஞ்சள் கேசட்டைத் தனியே எடுத்து வைத்தோம்.

இரண்டு நாளில் கல்கத்தாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெட்டி அசலா என்று அவர் கேட்கவில்லை. பழுது என்ன என்றும் கேட்கவில்லை. ‘டாங்க்’ கேசட் உடன் வருமா என்பதே அவருடைய முதல் கேள்வி. கேசட் இருக்கிறது, ஆனால் விற்பனைக்கு அன்று என்று விடை சொன்னோம்.