விமானம் வட்டமிட்டால் பதற வேண்டாம்

கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போன இரவு பஸ்ஸில், முதல்முறை வெளிநாடு போகும் ஓர் அம்மா கேட்டார்: "மேல போய் எஞ்சின் நிண்டுட்டா என்ன தம்பி செய்வினம்?" கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் குதித்த தலைமுறை அவர்.

இரண்டு எஞ்சின் விமானம், மேலெழும் நேரத்தில் ஒன்று நின்றாலும் மற்றதைக் கொண்டு ஏறி, சுற்றி வந்து இறங்கும் வலுவோடுதான் அமைக்கப்படுகிறது. கோளாறு வந்தால் ஒரு விமானி ஓட்ட, மற்றவர் அதற்கென்று எழுதி வைத்த செயல்முறையை வரி வரியாக வாசித்துச் செய்வார். பயணிகளுக்கு அறிவிப்பது அதற்குப் பிறகே. அறிவிப்புச் சுணங்கினால் எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

2024 ஒக்டோபர் 11இல் திருச்சியில் இருந்து சார்ஜாவுக்கு எழும்பிய எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737இல் ஹைட்ரோலிக் கோளாறு. ஹைட்ரோலிக் என்பது சில்லையும் பிரேக்கையும் இயக்குகிற எண்ணெய் அழுத்தம். உள்ளே 141 பயணிகள். எரிபொருள் நிறைந்த விமானம் இறங்குவதற்கு மிகப் பாரம். இந்த ரகத்தில் அதை வானில் கொட்டிவிடவும் வழியில்லை. எரித்தே குறைக்க வேண்டும். அதனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஓடுபாதையோரம் தீயணைப்பு வண்டிகளும் அம்புலன்ஸ்களும் காத்து நிற்க, இரவு 8.15 அளவில் பத்திரமாக இறங்கியது.

ஒட்சிசன் முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போடுங்கள், பிறகு பிள்ளைக்கு. தாய் மனம் ஒப்பாதுதான். ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே உங்களுக்கு நினைவு தப்பலாம். பிறகு பிள்ளைக்கு யார் போடுவது? அவசரமாக வெளியேறச் சொன்னால் பையைத் தொடாதீர்கள். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு இது கடினம். ஆகவே கடவுச்சீட்டையும் முக்கிய கடதாசிகளையும் ஏறும்போதே உடம்போடு வைத்திருங்கள். அந்த அம்மா சட்டைக்குள் தொங்கும் துணிப்பையைத் தட்டிக் காட்டினார்.

இறங்கிய பிறகு உரிமை. விமானப் பயணிகளின் நட்டஈடு பற்றிய மொன்றியல் உடன்படிக்கை இந்தியாவில் 2009இல் இருந்தும் இலங்கையில் 2019இல் இருந்தும் நடைமுறையில் உள்ளது. விமானத்தில் நடந்த விபத்தில் காயம்பட்டால், குறித்த வரம்பு வரை, பிழை யாருடையது என்று நிரூபிக்காமலே நட்டஈடு கேட்கலாம். தாமதத்தால் வந்த இழப்பையும் கேட்கலாம். தம்மால் இயன்ற எல்லாம் செய்தோம் என்று காட்ட வேண்டியது நிறுவனம். பயணப்பொதி சேதமானால் 7 நாளுக்குள், பிந்தி வந்தால் கைக்குக் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. வழக்குக்கு 2 வருடம்.

பாரிசில் இருந்து ஊருக்கு வரும் உறவினருக்கு இன்னும் ஒன்று. நட்டஈட்டை மறுக்கச் சாதாரண இயந்திரக் கோளாறு சாட்டாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி வந்து சேர்ந்தால் 600 யூரோ வரை கேட்கலாம்.

போர்டிங் பாஸை எறியாதீர்கள். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் செலவழித்த பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். விளங்காத மொழியில் நீட்டும் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதுங்கள்.