புதுவையின் தாழ்வார வீதிகள்



புதுச்சேரி என்றவுடன் நம்மில் அநேகருக்குக் கடற்கரையும் மஞ்சள் சுவர் கொண்ட பிரெஞ்சு மாளிகைகளுமே நினைவுக்கு வரும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதியைப் பாராமலே திரும்பிவிடுகிறோம். அங்கும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வந்திருக்கின்றன.

அவ்வீடுகளின் முகப்பில், மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம் தெருவை நோக்கி இறங்கியிருக்கும். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குமிடம் அது. அதையடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம். தாழ்வாரங்கள் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வருவதால், நடுவில் ஒன்றை இடித்து நேர்ச்சுவர் எழுப்பினால் தெருவே பல் போன வாயாகிவிடும்.

"ஒழுகுகிற வீட்டில் எப்படிக் குடியிருப்பது?" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமே. அவர் வீட்டை அருங்காட்சியகமாக்கச் சொல்லவில்லை. குழாய், கழிப்பறை, சமையலறை எல்லாம் புதிதாக வரட்டும். முகப்பும் தாழ்வாரமும் முற்றமும் உயரமும் மாறாதிருந்தால் போதும்.

கவனிக்கவேண்டியது காரை. அக்காலச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறும். உறுதி என்று நம்பி அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபடுகிறது. உப்பு செங்கல்லைப் பொடியாக்குகிறது. பிறகு, "பழைய சுவர் தாங்காது" என்று சுவரின்மேல் பழி! மேலே மெட்ராஸ் டெரஸ் தளமும் அப்படியே. தேக்கு மரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் நெருக்கி அடுக்கியது அது. ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம்.

வைசியாள் வீதியில் இது செய்து காட்டப்பட்டது. 2000-த்தை அடுத்த சில ஆண்டுகளில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இன்டாக் அமைப்பு அங்கே வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தது. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் ஏற்றார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது.

கடற்கரையில் மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடமோ காத்திருந்தே போயிற்று. பாழடைந்து நின்ற அது 2014 நவம்பர் 29-ஆம் நாள் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்வைக்கு அழகுதான், ஆனாலும் அது புதுக் கட்டடம்.

காரையைவிடக் கடினமானது பாகப்பிரச்சினை. பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்ட வீட்டில், ஓடு மாற்ற யார் பணம் போடுவது? இடித்து மாடி கட்டினாலோ ஆளுக்கொரு பங்கு கைக்கு வரும். இந்தப் பாரத்தை அவர்கள்மேல் மட்டும் சுமத்துவது நீதியல்ல என்பது என் எண்ணம். வைசியாள் வீதியில் செய்ததுபோல, பழுதுபார்க்கும் செலவில் பொதுப்பணமும் ஒரு பங்கு வரவேண்டும், அதுவும் மரம் உளுத்துப்போகுமுன்.