பேர் போதாது, நம்பர் வேண்டும்

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு ஸ்பேர்பார்ட் கடைக்குப் போய், "மோரிஸ் மைனருக்குப் பிரேக் ஷூ இருக்கா தவுக்கே?" என்று கேளுங்கள். இல்லை என்று கையை விரிப்பவரை விட்டுவிடலாம். "எந்த மைனர்?" என்று திருப்பிக் கேட்பவர்தான் விஷயம் தெரிந்தவர். மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1971 வரை தயாரான வண்டி. அதற்குள் 918, 803, 948, 1098 சிசி என்று நான்கு இன்ஜின்கள் மாறிவிட்டன. 948 சிசி வண்டியின் முன் பிரேக் டிரம் 7 அங்குலம். 1098 சிசி வண்டிக்கு 8 அங்குலம். பேர் ஒன்றுதான், பிரேக் ஷூ வேறு.

கெடா தோட்டங்களில் ஒரு காலத்தில் கார் என்றால் பெரிய துரையின் லேண்ட் ரோவர். பிறகு கிராணிமார் கார் வாங்கினார்கள், பட்டணத்து டாக்சிக்காரர்கள் மெர்சிடிஸ் டீசல் ஓட்டினார்கள், பிள்ளைகள் தலையெடுத்த வீடுகளில் டட்சன் 120ஒய் வந்து நின்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியான பிறகும் அப்படிப்பட்ட வண்டிகள் சில கொட்டகைகளில் தங்கிவிட்டன. அப்பாவின் வண்டியை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று இப்போது பிள்ளைகள் கிளம்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடம் சாயம் அடிக்கிற கடை. அங்கேதான் காசு கரையத் தொடங்குகிறது.

முதலில் செய்ய வேண்டியது வண்டியைப் படிப்பது. வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டை எடுத்து அதிலுள்ள இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், தயாரிப்பு ஆண்டு, சிசி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியில் அதே நம்பர்களைத் தேடுங்கள். மைனரில் பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் சேசிஸ் பட்டை இருக்கும். நம்பரின் முன்பகுதி எம்ஏ2எஸ்3 என்றிருந்தால் இரண்டு கதவு, 948 சிசி; எம்ஏ2எஸ்5 என்றிருந்தால் இரண்டு கதவு, 1098 சிசி. இன்ஜின் நம்பர் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம் என்று தொடங்கினால் 1098. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பின்சீட்டைத் தூக்கினால் நடுத் தண்டின் மேல் நம்பர் குத்தியிருக்கும். 1965 மாடலிலிருந்து 1960களின் கடைசி வரை அதன் மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டைச் சொல்லும்; 118 என்று தொடங்கினால் 1968 மாடல். மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்குவதால், 1967 கடைசியில் வாங்கிய வண்டியும் 1968 மாடலாக இருக்கலாம்.

டொயோட்டாக்காரர்கள் இதை எளிமையாக வைத்திருந்தார்கள். கேஈ70 என்ற குறியீட்டில் 'கே' என்பது இன்ஜின் குடும்பம், 'ஈ' என்பது கொரோலா, 70 என்பது தலைமுறை. கே குடும்பத்தில் 3கே 1166 சிசி, 4கே 1290 சிசி, 5கே 1486 சிசி. இந்த 5கே இன்ஜின் வேன்களிலும் பண்டகசாலை ஃபோர்க்லிஃப்டுகளிலும் உழைத்த இன்ஜின். அதனால் பழைய கொரோலாக்காரர் கார் கடையில் கிடைக்காததை ஃபோர்க்லிஃப்ட் பாகம் விற்கும் கடையில் தேடுவது பைத்தியக்காரத்தனம் இல்லை. டட்சன் 120ஒய் கதையும் இப்படித்தான். அதன் ஏ12 இன்ஜின் 1171 சிசி. அதே குடும்பத்து ஏ15 இன்ஜின் நம் ஊர்ச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய நிசான் வேனெட் வேனில் இருந்தது. 120ஒய் வைத்திருப்பவருக்கு ஓய்ந்துபோன ஒரு வேனெட் சொந்தக்காரர் மாதிரி. அதன் எல்லாப் பாகமும் பொருந்தாது, கணிசமானவை பொருந்தும்.

மெர்சிடிஸில் பாகத்தின் நம்பரே அதன் ஊரைச் சொல்லிவிடும். ஏ123 என்று தொடங்கும் பாகம் டபிள்யூ123 வண்டிக்காக வடிவமைத்தது. ஏ615 என்று தொடங்கினால் அது பழைய டீசல் டாக்சிகளில் இருந்த ஓஎம்615 இன்ஜினின் பாகம். வேறு மாடலில் இருந்து கழற்றிய பாகமானாலும் நம்பர் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு சந்தேகம் மிச்சம் வைத்திருங்கள். அறுபது ஆண்டு வயதான வண்டியில் எத்தனை ஃபோர்மேன் கை வைத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? இன்ஜின் 1098ஆக இருக்கும், பிரேக் பழைய 948உடையதாகவே இருக்கும். ஆகவே நம்பர் வழி காட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது அளவுகோல். டிரம்மைக் கழற்றி அளந்து பாருங்கள். பிரேக் சிலிண்டரின் மேல் அதன் உள்விட்டம் அங்குலப் பின்னமாக வார்ப்பிலேயே இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். லூக்காஸ் டைனமோ, ரெகுலேட்டர் போன்றவற்றில் பாக எண்ணோடு தயாரித்த மாதமும் ஆண்டும் குத்தியிருப்பார்கள்; அது வண்டியின் வயதோடு ஒத்துப்போனால் கூடவே பிறந்த பாகம் என்று ஊகிக்கலாம்.

வண்டிப் பேரைச் சொல்லவே தேவையில்லாத பாகங்களும் உண்டு. பேரிங்கின் ஓரத்தில் 6203 என்றிருந்தால், உலகத்தில் எங்கே வாங்கினாலும் அது உள்ளே 17, வெளியே 40, தடிமன் 12 மில்லிமீட்டர். ஆயில் சீலிலும் மூன்று அளவுகள் அச்சிட்டிருக்கும். இவற்றைக் கார்க் கடையில் 'பழைய மாடல்' என்ற பேரில் கூடுதல் விலை கொடுத்து வாங்காமல், நேரே பேரிங் கடைக்குப் போங்கள். ஆனால் ஆங்கிலேய வண்டிகளில் அங்குல அளவுப் பேரிங்குகளும் கலந்திருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

அங்குலம் என்றதும் போல்ட் ஞாபகம் வருகிறது. பழைய மோரிஸ், ஆஸ்டின் வண்டிகளில் 5/16 அங்குலப் போல்ட் நிறைய இருக்கும். அதன் தடிமன் 7.94 மில்லிமீட்டர். ஜப்பான் வண்டிகளின் 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மரை வேறு: ஒன்று அங்குலத்துக்கு 24 புரி, மற்றது ஒரு புரிக்கு 1.25 மில்லிமீட்டர். இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும், "கொஞ்சம் அழுத்தினால் போயிடும்" என்று அழுத்துவார்கள், மரை அரைபட்டுவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் இன்ஜின் பிளாக்குகள் பல இப்படித்தான் கெட்டன. மைனரில் இன்னொரு பொறி: அதன் மின்சாரத்தில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய வண்டியைப் போல நெகட்டிவை பாடியில் மாட்டி, புதிய ரேடியோவையும் இணைத்தால் புகை வரும்.

பாகம் எங்கே கிடைக்கும்? ஜப்பானிலிருந்து முன்பாதி வெட்டி வரும் ஹாஃப்கட் கடைகளில் 1980கள், 90களின் ஜப்பான் வண்டிகளுக்கு நல்ல அறுவடை. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் இப்போது பழைய கார்தான். அது மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டதால் அதற்கும் அங்கே வழி உண்டு. முதலில் வந்தது 8 வால்வா, பின்னால் வந்த 12 வால்வா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 1950களின் ஆங்கிலேய வண்டிக்கு ஹாஃப்கட் கடையில் ஒன்றும் இல்லை. அதற்குக் கடல் தாண்ட வேண்டும்; ஆனால் லண்டன் வரை போக வேண்டும் என்பதில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைதான் இந்தியாவின் அம்பாசிடர். அது 2014 வரை கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரானது. பழைய ஃபியட் 1100, பத்மினி என்ற பேரில் பம்பாயில் வாழ்ந்தது. டிரையம்ப் ஹெரால்டு சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. சென்னைப் புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பேர்போன இடம். மைனருக்கோ, இலங்கையில் காலி பக்கம் ஒரு பட்டறை 1990களில் தகடுகளைக் கையால் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது.

1960களின் கடைசியிலிருந்து பல வண்டிகள் நம் நாட்டிலேயே, ஷா ஆலம் போன்ற இடங்களில் பொருத்தப்பட்டவை. டயர், பேட்டரி, கண்ணாடி, சாயம் போன்றவை உள்ளூர்ச் சரக்கு. அதனால் வெளிநாட்டு கேட்டலாக்கில் இருப்பது உங்கள் வண்டியில் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

தோட்டத்து வண்டியை வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அது பால் ஏற்றிய வண்டியா என்று விசாரியுங்கள். ரப்பர்ப் பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள், உறைய வைக்க ஃபார்மிக் அமிலம். அமிலம் இரும்பைத் தின்னும், அம்மோனியா பித்தளையையும் செம்பையும் அரிக்கும். லேண்ட் ரோவரின் பாடி அலுமினியக் கலவை என்பதால் வெளியே பளிச்சென்று இருக்கும். அடியில் சேசிஸ் வெறும் இரும்பு. குனிந்து, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று சத்தம் வந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். மற்ற வண்டிகளில் துணி சுற்றிய காந்தத்தைப் பாடியில் வைத்து நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் சாயத்துக்குக் கீழே புட்டி இருக்கிறது.

டீசல் மெர்சிடிஸ்காரர்களுக்கு வேறொரு தலைவலி. 2019இல் நம் டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வரத் தொடங்கியது. அது பழைய ரப்பர்க் குழாய்களை ஊற வைத்துத் தளர்த்திவிடும். தோட்டத்தில் ரப்பரை விரட்டிய செம்பனை இன்ஜினுக்குள்ளும் விடவில்லை! எரிபொருள் குழாய்களை இன்றைய டீசலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

வேலையின் வரிசை: பிரேக், எரிபொருள் டாங்கி, ரேடியேட்டர், வயரிங், பிறகு இன்ஜின், அப்புறம் தகடு, கடைசியில் சாயம். ஆண்டுக்கணக்கில் நின்ற இன்ஜினைச் சாவி போட்டுச் சுற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, கையால் திருப்பிப் பாருங்கள். இன்ஜினையே மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நம்பர் ஒத்துப்போகாத வண்டி, பெயர் மாற்றத்துக்கு முந்தைய பரிசோதனையில் சிக்கிக்கொள்ளும். அப்போது விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், பையில் போட்டுப் பேர் எழுதுங்கள். உடைந்த பாகம்தான் கடைக்காரருக்கும் லேத்துக்காரருக்கும் காட்ட வேண்டிய மாதிரி. புதியதை மாட்டி, வண்டியை நன்றாக ஓட்டிப் பார்த்து, சரி என்று தெரியும்வரை பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.