நெடுந்தீவின் குதிரைகள்: லாயத்திலிருந்து வெளிக்கு

கொக்குவிலில் வளர்ந்தவர்களுக்குக் குதிரை என்றால் கோயில் வாகனம்தான். வேட்டைத் திருவிழாவன்று முன்னங்கால் தூக்கி நிற்கும் மரக்குதிரையில் சுவாமி வீதி வருவார். மற்றபடி எங்கள் ஒழுங்கைகளில் வண்டிக்கும் மாடு, உழவுக்கும் மாடு, சவாரிப் போட்டிக்கும் மாடு. ஆனால் பண்ணைப் பாலம் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் படகில் கடல் கடந்தால், உயிருள்ள குதிரைகள் நூற்றுக்கணக்கில் மேயும் நெடுந்தீவு வந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

இலங்கை குதிரை பிறந்த மண் அல்ல. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை அறியும். பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் வந்திறங்கிய அரபுக் குதிரைகள் நம் வெப்பத்திலும் சரியான பராமரிப்பின்றியும் மடிந்ததை மார்க்கோ போலோ எழுதிவைத்தார். நெடுந்தீவுக் குதிரையின் கதையும் கப்பலில்தான் தொடங்குகிறது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுத்தீவு என்றே அழைத்தார்கள். குதிரையையும் அவர்களே கொண்டுவந்தார்கள் என்பது தீவில் வழங்கும் வரலாறு. 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டி டெல்ஃப்ட் ஆக்கி, குதிரை வளர்ப்பை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். இடத்தேர்வு நுட்பமானது. சுற்றிலும் கடல் இருப்பதால் வேலி தேவையில்லை, குதிரை தப்பி ஓட வழியில்லை, சிறுத்தை இல்லை. மாரி பெய்தால் சுமார் 50 சதுர கிலோமீற்றர் தரையும் புல்லாகிவிடும்.

அன்று அவற்றுக்கு லாயம் இருந்தது. தூண்களின் எச்சம் இன்றும் நிற்கிறது. காவலுக்கும் தீனிக்கும் ஆட்கள் இருந்தார்கள், வளர்ந்த குதிரையை வாங்கப் படைகள் இருந்தன. 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அதிகாரம் செய்த நோலன் என்ற அயர்லாந்துக்காரரைத் தீவு இன்னும் மறக்கவில்லை. பிறகு ரயிலும் மோட்டாரும் வர, குதிரையின் தேவை குறைந்தது. ஆட்கள் போனார்கள், குதிரைகள் நின்றுவிட்டன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கட்டிப்போடுகிறது. ஆளின்றி நின்ற குதிரைகள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தன. மலைநாடுகளிலும் குளிர்த்தீவுகளிலும் திடமான குதிரை இனங்கள் உருவான விதமும் இதுதான். லடாக்கின் சன்ஸ்காரி, இமாச்சலத்தின் ஸ்பிதி, பிரித்தானியாவின் வடகோடியிலுள்ள ஷெட்லாண்ட் எல்லாமே குள்ளமானவை. குறைந்த தீனி, கடுங்காலம், வெளிக்குதிரைகளோடு கலவாத தனிமை ஆகிய மூன்றும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, பெரிய உடம்பைத் தாங்க முடியாதவற்றைக் கழித்துவிடுகின்றன. பனி செய்த வேலையை நெடுந்தீவில் வெயில் செய்தது. இன்று அங்கே மேய்பவை தோள் தாழ்ந்த மட்டக்குதிரைகள். ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. சன்ஸ்காரியும் ஸ்பிதியும் இன்றும் மலைப்பாதையில் சுமை தூக்குகின்றன, ஆகவே அவற்றுக்குச் சொந்தக்காரரும் உண்டு. நெடுந்தீவுக் குதிரைக்குச் சுமையும் இல்லை, வைக்கோல் போடும் வீடும் இல்லை.

போர்க்காலத்தில் நாங்கள் தீவுக்குப் போவதே அரிதாயிற்று. இப்போது நிலைமை வேறு. 2015இல் தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வார இறுதியில் வரும் கூட்டம் பெருக்கமரத்தையும் கோட்டையையும் பார்த்துவிட்டுக் குதிரைகளைப் படம் பிடித்துக்கொண்டு மாலைப் படகுக்கு ஓடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது மாரிக்குப் பிந்திய பச்சையை. ஆடி, ஆவணியில் போய்ப் பார்க்க வேண்டும். சுண்ணக்கல் தரையின் அடியில் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்பதுதான் தீவின் நன்னீர். கோடை நீள நீள அந்தப் படை மெலிந்து கிணறுகள் கரிக்கும், குளங்கள் வெடிக்கும். சனங்களே சாராப்பிட்டிக் கிணற்று நீரை நம்பியிருந்த தீவில் குதிரைக்கு எங்கே போவது? கடும் வரட்சி ஆண்டுகளில் அவை நீரின்றிச் செத்து விழுந்த செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பட்டினியைத் தாங்கப் பழகிய உடம்பும் தாகத்தை அவ்வளவு நாள் தாங்காது.

காட்டு விலங்கை இயற்கையிடமே விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இவற்றைக் கப்பலில் ஏற்றி வந்ததும் மனிதன், இத்தீவில் கைவிட்டுப் போனதும் மனிதன். கல்வேலிக்குள் பயிர் செய்யும் தீவுச் சனங்களும் தங்கள் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் தேட வேண்டியிருப்பதால், இந்தச் சுமையை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மாரிக்கு முன்பே மேய்ச்சல் வெளிக் குளங்களைத் தூர் வாருவதும், கோடையில் தொட்டிகளை நிரப்புவதும், ஆண்டுக்கொரு முறை குதிரைகளை முறையாக எண்ணுவதும் பூங்காவை அறிவித்த அரசின் வேலை. முதலில் குளங்கள். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் அவற்றில் மண்வெட்டி இறங்கியாக வேண்டும்.